மா யீமோன் தட்டிப் பார்க்காத வளையல்

பர்மாவில் மாண்டலே ஜேட் பச்சைக்கல் சந்தையில் கோ லுன்னின் மேசைக்கு அடுத்தது என் மேசை. நான் மணிகளும் மோதிரக் கற்களும் விற்கிறவள். அவர் எதையும் விற்பதில்லை. வளையலைப் பார்த்துத் தரம் சொல்வதுதான் அவர் தொழில். இருபது வருஷமாக அதே நாற்காலி. விற்கிறவனும் வாங்குகிறவனும் பேரம் படியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, டார்ச்சை வளையலுக்கு அடியில் பிடித்து மெதுவாகச் சுழற்றுவார். கல்லுக்குள் வெளிச்சம் பாயும் நீரோட்டம் எப்படி, பச்சை எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு ஒரு விலை சொல்வார். அதை ஒட்டியே பேரம் முடியும்.

அவர் மனைவி மா யீமோன், வளையல் மெருகேற்றும் பட்டறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். சுழலும் மூங்கில் உருளையில் வளையலை அழுத்திப் பிடித்தே விரல்நுனி தேய்ந்து போயிருந்தது. பட்டறை மூடியதும் வீட்டோடு இருந்தாள். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுவருவாள், சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சந்தையில் யாரும் அவளைக் கவனித்ததில்லை.

ஒரு நாள் சகாயிங்கிலிருந்து வந்த தரகர் ஒருவர் இளம்பச்சை வளையலை வைத்தார். கோ லுன் டார்ச் அடித்துப் பார்த்து, "சுத்தமான கல்லு. தாராளமா நாப்பது லட்சம் போகும்" என்றார். வளையல் மேசையில் இருக்கும்போதே யீமோன் அதை எடுத்து, உள்விளிம்பில் நகத்தை ஒரு சுற்று ஓட்டினாள். பாதிச் சுற்றில் நின்றாள்.

"ஏங்க, இந்த எடத்துல நகம் தட்டுதே."

"அது கல்லோட பொறந்த ரேகை."

"ரேகைன்னா நகம் வழுக்கிட்டுப் போயிடும். இது விரிசல்."

தரகர் வாங்கித் தன் நகத்தை ஓட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "அக்கா சொல்றதுதான் சரி" என்றார். சுற்றி நின்றவர்களில் யாரோ, "கோ லுன், இனிமே கண்ணாடி போட்டுக்க, இல்லேன்னா பொண்டாட்டிய கூட்டிட்டு வா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோ லுன்னும் சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சோறு பாதிக்குமேல் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வரும் நேரம் பார்த்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவள் டார்ச்சைத் தொடவே மாட்டாள். வளையலை ஒரு நூலில் தொங்கவிட்டு, பையிலிருந்து அகேட் என்கிற கெட்டிக் கல்லின் சின்னத் துண்டை எடுத்து ஒரு தட்டு தட்டுவாள். நல்ல கல்லென்றால் கோவில் மணிபோல ஒலி நீண்டுகொண்டே போகும். அமிலத்தில் ஊறவைத்துப் பிசின் ஏற்றிய கல்லென்றால் பொத்தென்று செத்துவிடும். கண்ணை மூடிக் கேட்பாள். பிறகுதான் பேசுவாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே அவள்மேல் பொறாமை வந்தது. கட்டிய கணவனுக்கு எப்படி இருந்திருக்கும்! காலையில் வந்தவர்கள், "அக்கா எப்ப வருவாங்க?" என்று அவரிடமே கேட்டார்கள். "சோறு வர்ற நேரத்துக்கு வருவா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அவள் பார்த்துச் சொன்ன வளையலை அவள் போன பிறகு மறுபடி எடுத்து, டார்ச்சைப் போட்டுத் தப்பு தேடுவார். ஒரு வாரம், "வெயில் ஜாஸ்தி, நீ வராதே, நான் கடையில சாப்பிட்டுக்கிறேன்" என்று அவளை நிறுத்தினார். அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லாம், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். அவரிடம் ஒருவனும் வளையலை நீட்டவில்லை. மறுவாரம் அவரே, "சரி, வா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைக்கு அப்பால் ருய்லியிலிருந்து துவான் முதலாளி வந்தார். சீனர். வருஷத்துக்கு நாலு தடவை வருவார், வந்தால் கோ லுன்னைத்தான் தேடுவார். இந்தத் தடவை மகளுக்குக் கல்யாணம், கைக்கு ஒரு நல்ல வளையல் வேண்டுமென்று வந்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் கேட்டது, "தம்பி, ஒன் பொண்டாட்டி எங்க?"

அன்று கோ லுன் சந்தையிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் யீமோன் ஸ்டூலில் உட்கார்ந்ததும், துவானும் இன்னும் பத்துப் பேரும் இருக்கும்போது, துணியில் சுற்றிய ஒரு வளையலை எடுத்து மேசையில் வைத்தார். தண்ணீரில் பச்சை மை கரைந்த மாதிரி அழகான வளையல்.

"மலையிலேர்ந்து வந்த ஒருத்தன் குடுத்துட்டுப் போனான். எனக்குத் தெரியல. நீதான் பெரிய ஆளாச்சே, சொல்லு" என்றார்.

யீமோன் வளையலைக் கையில் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனது போலிருந்தது. அப்புறம் கணவனைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். அகேட் துண்டு பையிலேயே கிடந்தது. நூலையும் எடுக்கவில்லை.

"நல்ல கல்லு" என்றாள்.

துவான் அந்த நிமிஷமே வளையலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "என்ன வெலை?" என்றார். இடுப்புப் பையில் கை போனது.

கோ லுன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பிசின்! பிசின் ஏத்துன வளையல்! நான்தான் வேணும்னு கொண்டாந்தேன். தட்டிக்கூடப் பாக்காம சொல்றா பாருங்க!" வளையலைத் தூக்கிப் பிடித்துத் தட்டினார். மரக்கட்டையைத் தட்டியதுபோலச் சத்தம். கூட்டம் கொல்லென்று சிரித்தது. துவான் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் யீமோன். தூக்குப்பாத்திரத்தை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை கோ லுன் டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாலு நாளும் ஆட்கள் பழையபடி அவரிடம் வந்தார்கள். வீட்டில் மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டார். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். ஐந்தாம் நாள் அரிசி கழுவிக்கொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டார்.

"ஏன் தட்டிப் பாக்கல?"

"எதுக்குத் தட்டணும்? கையில எடுத்ததுமே, பிசின் ஏத்துன கல்லுக்கு மேல பூசுற புது மெழுகு வாசனை. அதே வாசனை முந்தின நாள் உங்க சட்டையில அடிச்சிச்சு."

"தெரிஞ்சேவா நல்ல கல்லுன்னு சொன்னே?"

"ஒரு மாசமா நீங்க ஒழுங்கா சாப்பிடல. ஜெயிச்சா சாப்பிடுவீங்கன்னு பட்டுச்சு." அரிசித் தண்ணீரைக் கொட்டினாள். "ஆனா துவான் பையில கைய விட்டாரு பாருங்க, அப்பதான் செஞ்சது தப்புன்னு ஒறைச்சுது. பொண்ணுக்கு வாங்க வந்த மனுஷன். நீங்க வாயத் தெறக்காட்டா நான் தெறந்திருப்பேன். கல்லப் பத்தி நான் சொன்ன மொதப் பொய் அது. இனிமே உங்களுக்காகக்கூடச் சொல்ல மாட்டேன்."

தோற்றிருந்தாலாவது பரவாயில்லை, விட்டுக்கொடுக்கப்பட்டுவிட்டோமே என்பதுதான் அவரை எரித்தது.  மறுநாள் விடிந்ததும் துவான் தங்கியிருந்த விடுதிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அந்த ஜெயிப்ப வச்சுக்கிட்டு ஒரு வாய் வெத்தல போட முடியல" என்றார்.

துவான் ஆத்திரத்தில் கத்தியிருக்கிறார். "எம் பொண்ணு கல்யாணத்த வச்சு புருஷனும் பொண்டாட்டியும் வெளையாடுறீங்களா? போய்யா வெளியே!" வளையலை வேறொரு வரிசையில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். ஒரு வருஷம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

விஷயம் பரவியதும் இரண்டு பேரிடமும் ஆட்கள் குறைந்தார்கள். யீமோன் அசையவில்லை. எதிர் வரிசையில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்தாள். "உங்க பக்கத்துல உக்காந்தா உங்க மொகத்தப் பாத்துத்தான் எனக்கு வாய் வருது" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் திரும்பினார்கள். மறு வருஷம் துவானும் வந்தார், நேராக அவள் மேசைக்குப் போனார். கோ லுன் பக்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

கோ லுன்னின் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவள் மேசையில் கூட்டம் சேர்ந்தால் இவர் வெற்றிலை மெல்லும் வேகம் கூடும். என்னிடம், "அந்த மஞ்ச சட்டைக்காரன் என்ன கொண்டாந்தான், பாத்தியா?" என்று கேட்பார். ஆனால் சந்தேகமான வளையல் வந்தால் முன்போல மழுப்புவதில்லை. "எனக்கு உறுதியாத் தெரியல, எதிர்ல கேளுங்க" என்கிறார். சொல்லிவிட்டு இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஊதா வளையலில் அவள் விரிசல் என்றாள், இவர் ரேகை என்றார். மெருகுப் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். ரேகைதான். யீமோன் தன் மேசையிலிருந்தே, "கோ லுன் சொன்னதுதான் சரி, நான்தான் ஏமாந்தேன்!" என்று கத்தினாள். இந்தத் தடவை நிஜமாகவே ஏமாந்திருந்தாள். மூன்று நாள் எங்கே போனாலும் கோ லுன் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு மட்டும் ஐந்து தடவை சொன்னார்.