முறம் தட்டிய விரல்

எழுத்தறியாத நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

இன்று கோவில்பத்து பஸ்ஸில் ஒரு பெண், மடியில் சின்ன மகன்.

"கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான், தாத்தா. செவிடுங்கிறாங்க, ஆட்டிசம்ங்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டப் போறேன்."

எங்கள் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஐம்பதுகளில் என் தம்பியையும் பிரெஞ்சுக்கார டாக்டர் செவிடு என்றார். ஆனால் அம்மா வெறும் முறத்தை நகத்தால் தட்டினால் ஓடிவருவான். முகம் பார்க்காமல், அவள் விரலைப் பிடித்து மறுபடி முறத்தில் வைப்பான். அரசலாற்றில் மூழ்கிப் போகும்வரை அதுதான் அவன் பேச்சு.

சீட்டுக் கம்பியில் அதே தாளத்தைத் தட்டினேன்.

பிள்ளை திரும்பினான். முகம் பார்க்காமல், என் விரலைப் பிடித்து மறுபடி கம்பியில் வைத்தான். சில்லென்ற ஈரக் கை.

"காது கேக்குதும்மா. டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க."

வீடு வந்தும் விரலில் ஈரம் காயவில்லை. இதற்கு எந்த டாக்டரைப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்க.