லூக்காஸ் அத்தான் மாட்டிய புது ஷொக்

என் அக்கா புருஷன் லூக்காஸைப் போல ஒரு பைத்தியக்கார மனிதரை மடுல்சீமை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நல்ல மனிதர், அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

அத்தான் பிறந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். கொழுந்துக் காட்டு வேலைக்குப் பெயர் கொடுக்காமல், வாகனங்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தே தொழில் பழகியவர். ரோட்டோரம் நாலு தகரத்தை நிறுத்தி அதற்குக் கராஜ் என்று பெயர் வைத்தார். பசறையிலிருந்து மேலே ஏறி வரும் எங்கள் ரோட்டில் ஓடுகிற வாகனம் எதுவானாலும் ஒருநாள் அவரிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்தால் முதலில் ஏச்சு, பிறகுதான் ஸ்பேனர். அதிலும் ஸ்ப்ரிங்குக்குள் ரப்பர் வைத்த வாகனத்தைக் கண்டால் போதும், மனிதருக்குப் பேய் பிடித்துவிடும்.

எங்கள் பக்கத்து டிரைவர்மார் செய்கிற வேலை அது. ரோட்டுக் கல் காரின் அடியில் இடிக்கிறது என்று பழைய டயரைத் துண்டு போட்டு ஸ்ப்ரிங் சுருளுக்குள் திணித்து, காரை உயர்த்தி வைப்பார்கள். அந்தச் சுருளுக்கு நடுவில்தான் ஷொக் இருக்கிறது, குலுக்கலை வாங்கிக்கொள்கிற எண்ணெய்க் குழாய்.

"ரப்பர் வச்சா காரு நிமிந்துதான்டா நிக்கும். உள்ள ஷொக் செத்துக் கெடந்தா ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று அத்தான் கத்துவது தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் கேட்கும்.

ஊருக்குத்தான் உபதேசம். அக்கா சூசையம்மாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்து, அடிக்கடி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததும், அத்தான் தன் பழைய வெள்ளைக் காருக்கே ரப்பர் வைத்தார். அடியில் கல் இடித்தால் அவளுக்கு வலிக்குமே என்றுதான் வைத்தார். நான் பின் சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போவேன். குழிக்குக் குழி "யேசுவே, யேசுவே" என்று அலறுவாள். அத்தான் கண்ணைத் துடைத்துத் துடைத்து இன்னும் மெதுவாக ஓட்டுவார்.

கடைசியாக அவள் வார்டில் இருந்தபோது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்கே போயிருவோங்க," என்றாள் அக்கா. "அந்த ரோட்ட நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அத்தான் நேரே பதுளையில் தன் கூட்டாளி அஸீஸின் கராஜுக்குக் காரைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். முன் டயரைத் தடவிக்கொண்டு வந்த அத்தானின் கை சட்டென்று நின்றது. டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. காரைத் தூக்கி, ரப்பர் துண்டுகளை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி இறக்கினார். உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்து முன்பக்கத்தை ஒரு மூலையில் அழுத்திக் கையை எடுத்தார். நல்ல ஷொக் என்றால் கார் மேலே வந்து அப்படியே நிற்க வேண்டும். இது ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த மூலையும் அதே கதைதான். இரண்டு குழாயும் எண்ணெய் கசிந்து, புழுதி அப்பிக் கறுத்திருந்தன.

"நான்தான் அவளப் போட்டு இடிச்சிருக்கேன், அஸீஸ். இத்தன மாசமா."

"ஒனக்கென்ன பைத்தியமா? அந்த நோய்க்கு வலிக்காதா?" என்று அஸீஸ் அதட்டினார்.

யார் சொல்லி அத்தான் கேட்டார்? பழுது பார்த்த ஷொக் வேண்டாம், புதுசுதான் வேண்டும் என்று ஒரு சோடி வாங்கி வந்தார். அமுக்கிக் கட்டிய ஸ்ப்ரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். "இந்த நெலமையில நீ தொடாத, நான் மாட்டுறேன்" என்று அஸீஸ் கெஞ்சியும் விடவில்லை. அழுதுகொண்டே இரண்டு பக்கமும் தானே மாட்டி முடித்தார்.

அக்காவின் கட்டிலடியில் போய் நின்றும் அதே அழுகைதான். "சூசை, இனி ஒனக்கு வலிக்காது. எல்லாம் அந்த ஷொக்கால வந்தது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"சரிங்க. அழாதீங்க. ஆளுங்க பாக்குறாங்க," என்றாள் அக்கா.

அவர் காரை எடுக்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள். "கிருஷாந்தி, அந்தத் துவாயக் குடுடி." வேர்வை துடைக்கக் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன்.

பசறை தாண்டி ரோடு கெட்டுப்போன இடம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, கார் அருமையாகத்தான் ஓடியது. ஆனால் முதல் குழியிலேயே அக்கா துவாயை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். அவள் நகம் என் கையில் இறங்கியது. 'சொல்லிவிடாதே' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சூசை, வலிக்குதா?" என்று முன்னாலிருந்து அத்தான் கேட்டார்.

அவள் துவாயை எடுத்தாள். "இல்லங்க. தொட்டில்ல போற மாதிரி இருக்கு."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பு! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மாதா பாட்டு ஒன்றை எடுத்து, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே ஓட்டினார். பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறித்து வரும்வரை தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் அதட்டி மேய்க்கிறவள் நான். என் வாய்க்குப் பயப்படாத ஆள் தோட்டத்தில் இல்லை. அன்றைக்கு அந்த வாய் திறக்கவே இல்லை.

அந்த மாதமே அக்கா போய்விட்டாள். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "கடைசியா வலியில்லாம கொண்டாந்து சேத்துட்டேன்" என்று அத்தான் சொன்னார். அந்த ஆறுதலாவது இருக்கட்டும் என்று நானும் ஆமாம் போட்டேன்.

அது ஆறுதலாக நிற்கவில்லை. அத்தான் கராஜைத் திறப்பதை விட்டார், பிறகு சாப்பாட்டையும் விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தும் நான் போட்ட சோற்றைத் தொடவில்லை.

"புது ஷொக் மாட்டுனதும் அவ ஒரு சத்தம் போடல்ல. அப்ப அதுக்கு முந்தி அலறுனதெல்லாம் என்னாலதானே? நோயில்ல, கிருஷாந்தி. நான்தான்."

அட கடவுளே! இவர் அழக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்தாள். அதுவே இவரைக் கொல்லப் பார்க்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நோய்தான் அத்தான்! புது ஷொக்லயும் அவளுக்கு வலிச்சுச்சு. துவாயக் கடிச்சுக்கிட்டுத்தான் வந்தா. நீங்க அழக் கூடாதுன்னு என்னையும் பேச விடல்ல. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல, சாப்புடுங்க."

மனிதரின் பாரம் இறங்கும் என்றுதான் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் பாட்டுப் பாடிக்கிட்டுல்ல ஓட்டுனேன்," என்றார்.