அவளுக்காகப் பார்க்காத கல்வெட்டு

ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளை ஜப்பானில் ஆறு வருஷம் படித்த மாணவி ஒருத்தி, ஊரைப் பார்க்க வந்து எங்கள் மாடியில் தங்கினாள். கோயிலுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ‘இந்துக்களுக்கு மட்டும்’ என்ற பலகையைப் பார்த்ததும் அவளே நின்றுவிட்டாள்.

“அக்கா, உள்ளே இடப்பக்கச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கும். என்னிடம் உள்ள நகலில் கடைசி வரி தெரியவில்லை. கல்லிலும் அழிந்துவிட்டதா என்று பார்ப்பீர்களா?” என்று புத்தகத் தமிழில் கேட்டாள்.

“இதென்ன பெரிய விஷயம்? பார்த்துட்டு வரேன்.”

கூட்டம் தள்ளியது. பெருமாளைச் சேவித்தேன், புளியோதரை வாங்கினேன். அவள் கேட்டது அடியோடு மறந்துபோனது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“ஒரு எழுத்துகூட அழியலைம்மா” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. அப்படியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அவளை ரயிலேற்றிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க எழுத்து. அவள் கேட்டது எதுவென்றே தெரியவில்லை.

போன மாதம் அவளுடைய ஆய்வேடு தபாலில் வந்தது. நன்றிப் பக்கத்தில் முதலில் என் பெயர். ‘எனக்காக நேரில் பார்த்துச் சொன்னவர்’ என்று தமிழிலேயே அச்சாகியிருந்தது.

நன்றி சொல்லி ஒரு வரியாவது எழுது என்கிறார் என் கணவர். நான் எழுத வேண்டிய வரி வேறு. அதற்குத்தான் இன்னும் கை வரவில்லை.