ஒரே கேபிளை இரண்டு முறை மாட்டிய தாஹா பாய்

பழவேற்காட்டில் ஜெட் படகு வைத்திருந்தவர் ஒருவர்தான். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு, தாஹா பாய். அதற்கு முன் ஒன்பது வருடம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டினார். 2005-இல் அந்த ஆலை மூடப்பட்டது. கைக்கு வந்த பணத்தில், ஏதோ ஒரு ரிசார்ட் கழித்துப்போட்ட ஜெட் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஃபிளமிங்கோ பார்க்க வருகிறவர்களை முகத்துவாரம் வரை கூட்டிப்போய்த் திரும்புவது அவர் தொழில் ஆனது.

ஜெட் படகு என்றால் வேகம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது முக்கியமில்லை. அதற்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் ஒரு குழாய் வழியாகப் பீய்ச்சும். குழாயை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதை வைத்துப் படகு திரும்பும். முன்னால் இருக்கும் ஸ்டியரிங் சக்கரத்தை அந்தக் குழாயோடு ஒரு கேபிள் இணைக்கிறது. எங்கள் ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். விசிறி வைத்த படகு போனால் வலை அறுந்துவிடும். அதனால்தான் தாஹா பாய் மட்டும் சவாரி ஓட்ட மீனவர்கள் சம்மதித்தார்கள்.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. இன்று இந்த இடம் இவருக்கு என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். ஒரு பாடு வீணானால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2007 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனவர் பரசுராமனின் பாடு வீணானது. தாஹா பாய் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் சில மாதங்களாகவே இறுகிக்கொண்டு வந்திருந்தது. அன்று இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. படகு நேராகப் போய்ப் பரசுராமனின் வலைக்குள் புகுந்தது. வலை கட்டியிருந்த கம்பு இரண்டு முறிந்தது. வலை கிழிந்தது.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது.

"உப்புத் தண்ணிப்பா, இன்னா பண்ண சொல்ற? கேபிள் துருப்பிடிச்சிக்கிச்சி" என்றார் தாஹா பாய். "நானும் வாராவாரம் எண்ணெய் வுட்டுக்கினுதான் இருக்கேன். என்னைப் போல எவன் பாத்துக்குவான் சொல்லு."

"நீ எண்ணெய் வுட்டியோ தண்ணி வுட்டியோ, என் பாடு போச்சே பாய்" என்றார் பரசுராமன்.

முடிவு இதுதான்: அடுத்த ஞாயிறு காலை ஊர் முன்னால் வலைக் கம்புகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு கம்பு சாய்ந்தாலும் படகு இனி ஏரியில் இறங்கக் கூடாது.

தாஹா பாய் காசிமேட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தார். பத்து நாள் ஆகும் என்றார் அவர். வீட்டில் மிக்ஸியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றையும் தாமே பிரித்து மாட்டுகிறவர் தாஹா பாய். இதையும் தாமே செய்வது என்று முடிவெடுத்தார்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்த்தார். பின்பக்கம் குழாயோடு சேரும் இடத்தில் கேபிளைக் கழற்றினார். குழாயைக் கையால் தள்ளினால் லேசாக ஆடியது. முன்னால் கேபிளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் அதுவும் சுழன்றது. ஆக, நடுவில் இருக்கும் கேபிள்தான். அதைப் படகோடு பிடித்திருந்த உப்பேறிய நட்டுகள் திரும்பவில்லை. ஒரு பகல் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. பழைய கேபிளின் முனையில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி மறுபக்கமாக உருவினார். கேபிள் வெளியே வர, அது போன வழியில் கயிறு நின்றது. அளந்து கொண்டு போய்ப் பாரிமுனையில் அதே நீளத்தில் புதியது வாங்கி வந்தார். அதைக் கயிற்றில் கட்டி இழுத்தார். எங்கேயும் கூர்மையாக மடங்காமல் அகலமாக வளைத்துப் பொருத்தினார். குழாயை நேராக வைத்து, சக்கரத்தையும் நேராக வைத்து, இரண்டு முனையையும் முடுக்கினார். படகின் சுவரைக் கேபிள் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையத்தை மாற்றினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது. ஒவ்வொரு வெள்ளியும் செய்வதுபோல டப்பாவை எடுத்து, இரண்டு முனையிலும் கேபிளுக்குள் மீன் எண்ணெய் ஊற்றினார். அவர் குடும்பத்தில் தோணிப் பலகைக்குக் காலங்காலமாக அதைத்தான் பூசுகிறார்கள். பலகை மேல் அது காய்ந்து தோல் மாதிரி படிந்துவிடும், தண்ணீர் இறங்காது.

சனிக்கிழமை காலை கன்னியம்மா கருவாடு வாங்க வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பைக்குக்கு க்ளட்ச் கேபிள் செய்யும் கம்பெனியில் வேலை செய்பவர். தாஹா பாயின் மனைவி ஜுவைரியாவோடு ஒன்றாகப் படித்தவர். முற்றத்தில் ஜுவைரியா பழைய கேபிளைத் துணி காயப்போடும் கொடியாகக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். முனை விறைத்துக்கொண்டு முடிச்சு விழவில்லை.

"குடு, நான் அறுத்துத் தரேன். தெனமும் இதான என் பொழப்பு" என்று கன்னியம்மா ரம்பத்தை வாங்கி அறுத்தார். அறுத்த முனையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா பாய், உள்ள கேசரி கிண்டி வச்சிக்கிற?"

தாஹா பாய் வந்து பார்த்தார். உள்ளே கம்பியில் துரு இல்லை. கம்பியைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று இறுகியிருந்தது. முகர்ந்தார். மீன் எண்ணெய்.

"கேபிளுக்குள்ள கம்பெனியே கிரீஸ் வச்சி மூடித்தான் தருவான். அதுல எதுவும் ஊத்தக் கூடாது. எங்க லைன்ல எவளாச்சும் ஊத்தினா சூப்பர்வைசர் கேட்டு வரைக்கும் தொரத்திக்கினு வருவாரு."

"புதுசுலயும் நேத்து ஊத்திட்டாரு" என்றார் ஜுவைரியா.

"ஐயோ பாய்!"

"காய நாலு நாளாவும்" என்றார் தாஹா பாய் மெதுவாக. "நாளைக்கி ஓட்டிக் காட்டிடலாம்."

"நாளைக்கி ஓட்டுவ. ஆடி மாசம் திரும்பவும் எவன் வலைக்குள்ளயாவது பூந்துக்கினு நிப்ப" என்றார் ஜுவைரியா.

தாஹா பாய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் கேபிளைக் கழற்றிக் கொண்டு வந்தார். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கீழே ஜுவைரியா வைத்த கிண்ணத்தில் எண்ணெய் சொட்டியது. பிறகு பஞ்சர் கடையில் காற்றடித்து மீதியை வெளியேற்றினார். "கொஞ்சம் கிரீஸும் கூடவே போயிருக்கும். பரவால்ல, பிசினுக்கு இது மேல்" என்றார் கன்னியம்மா. இரண்டாவது முறை மாட்டப் பாதி நேரம்தான் ஆனது.

ஞாயிறு காலை ஊரே கரையில் நின்றது. பரசுராமன் படகில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். தாஹா பாய் முதல் வரிசைக் கம்புகளுக்குள் நுழைந்தார். இடது, வலது, திரும்ப இடது. கடைசிக் கம்பை ஒரு முழ இடைவெளியில் சுற்றித் திரும்பினார். ஒன்றும் சாயவில்லை. பரசுராமன் சுண்டுவிரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"உப்பு இவ்ளோ கெடுக்குமா பாய்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"உப்பு இல்லப்பா. நான்தான் கெடுத்தேன்" என்று கரைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார் தாஹா பாய். முந்தின நாள் நடந்ததையும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் திட்டினார். சிறிது நேரம் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். பரசுராமன் எழுந்தார்.

"படகு ஓடட்டும். மாசத்துக்கு ஒருக்கா நான் வந்து சுண்டுவிரல் வச்சிப் பாப்பேன். அந்த எண்ணெ டப்பாவ எங்க தோணிக்குக் குடுத்துடு. உன் ஊட்ல இருந்தா உன் கை சும்மா இருக்காது."

டப்பா அன்றே கை மாறியது. தாஹா பாய் இன்னும் சவாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் படகில் சும்மா உட்கார்ந்து சக்கரத்தை மட்டும் சுற்றிப் பார்ப்பார்.