பதினொன்றுக்குக் கிடைத்த பரிசு

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் காரைக்கால் கடைத்தெருவில் பல்கலைக்கழகத்தின் கிளை ஒன்று திறந்தது. அதற்குக் குமாஸ்தாவாகக் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தேன். பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம், மரைக்காயர் ஒருவரின் பழைய சரக்குக் கிடங்கு. கீழே கருவாட்டு வாசனை போகாத வகுப்பறை; மாடியில் ஆராய்ச்சிக்கூடம். அரசலாற்று முகத்துவாரத்தில் பிடித்த நண்டும் நத்தையும் அங்கே ஜாடி ஜாடியாக நிற்கும். பேராசிரியர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். அந்தக் காலோடே வந்து பாடமும் நடத்துவார்கள். எனக்கு அந்த இடத்தின் மேல் அப்படியொரு பெருமை. ஏதோ நானே கட்டியது போல நடந்துகொள்வேன்.

முதல் வருஷம் விண்ணப்பங்களைச் சலிக்கும் வேலை என்னுடையது. நூற்றுக்கு அறுபது இருந்தால்தான் இடம். பிரெஞ்சுப் பள்ளிகளிலோ மதிப்பெண் இருபதுக்கு. அதனாலென்ன, ஐந்தால் பெருக்கினேன். கணக்கில் என்னை அசைக்க ஆளில்லை என்ற மிதப்பு வேறு. பதினொன்றா, ஐம்பத்தைந்து, தள்ளு. பத்தா, ஐம்பது, தள்ளு. ஒரே காலையில் ஐந்து பேருக்கு ‘இடமில்லை’ என்று கடிதம் எழுதிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஐவரில் ஒருத்தி என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கிளிஞ்சல்மேட்டில் படகு வைத்திருப்பவரின் மகள்.

“பதினொண்ணு பத்தாதுன்னு எழுதியிருந்தீங்க.”

“விதி அப்படிம்மா. நான் என்ன செய்ய?”

பையிலிருந்து தங்க விளிம்பு வைத்த தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தாள். “விஞ்ஞானத்துல வகுப்புக்கே முதல் பரிசுங்க. இந்தப் பதினொண்ணுக்குத்தான் குடுத்தாங்க. எங்க பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல பன்னெண்டுக்கு மேல யாருக்கும் போட்டதே இல்லீங்க.”

எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் ஊரில் முதல் பரிசு வாங்குகிறவன் தொண்ணூறு வாங்குவான். இங்கே மதிப்பெண் போடுகிற கை அவ்வளவு இறுக்கம் என்று ஒரு வார்த்தை யாரையாவது கேட்டேனா?

புத்தகத்தோடு மாடிக்கு ஓடினேன். கிளைத் தலைவர் நத்தையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “இன்னும் எத்தனை பேரை இப்படி அனுப்பினீங்க?” திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கே அவளைச் சேர்த்துக்கொண்டார். இனி பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பில் எத்தனையாவது என்று பார்த்தே எடுக்க வேண்டுமென்று தலைமையிடத்துக்கு எழுதினார். மற்ற நால்வரையும் நேரில் போய் அழைத்து வரச் சொன்னார்.

தன் வேலை முடிந்ததென்று அவள் போய்விடவில்லை. “என்னை மாதிரி கடுதாசி வந்தவங்க வீடெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேங்க” என்று நான்கு பேருக்கும் வழி எழுதிக் கொடுத்தாள். பிற்காலத்தில் அந்த மாடியிலேயே ஆராய்ச்சி செய்தாள். அவளைப் போல நிமிர்ந்து நின்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சைக்கிளை மிதித்தேன். வரிச்சிக்குடியில் ஒருவன், பட்டினச்சேரியில் ஒருவன், ஊருக்குள் ஒருவன். மூவரும் மறுநாளே வந்து சேர்ந்தார்கள்.

நாலாவது, ஒரு வியாபாரியின் வீடு. அவரே கதவைத் திறந்தார்.

“உங்க கடுதாசி வந்துச்சு. படிக்க இடமில்லேன்னுட்டாங்க, மாமா கடைக்கே போறேன்னான் பையன். பினாங்குக்குக் கப்பலேறி நாலு நாளாச்சு. வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தேன். அலுவலகம் திரும்பி அவன் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றரை. ஐந்து பேரில் அவனுடையதுதான் அதிகம்.