தூண்டில் போட நாலடி கரை

நேற்று காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை, எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில், தூண்டில் போட நாலடி கரை தேடி அலைந்தேன்.

தண்ணீர் தேடி அல்ல! தண்ணீருக்கு இங்கே என்ன குறை? ஆறு, வாய்க்கால், குளம், குட்டை எல்லாம் நிறைந்து கிடக்கின்றன. உட்காரத்தான் விட மாட்டேன் என்கிறார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருபத்தாறு வருடம் துபாயில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடலோரச் சுவரில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். (அம்மாவின் கணக்கில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம்.)

மூன்று மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு சரி.

பிசியோதெரபி செய்ய வருபவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அத்தா அதை உருட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தினமும் இதே கதை.

அவர் ஆசையாகச் செய்யும் வேலை ஏதாவது உண்டா என்று பிசியோ கேட்டார். தூண்டில் என்றேன். அப்படியானால் தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலைச் சுற்றட்டும், இன்னும் நாள் தள்ளினால் விரல்கள் இப்படியே நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்வது சுலபம்!

தம்பியின் பழைய காரில் அத்தாவை உட்கார வைத்து, முதலில் ஆற்றுக்குப் போனேன். ஆறு எல்லாருக்கும் பொது. ஆனால் இரண்டு கரையிலும் சரிவாகச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். கைத்தடி ஊன்றுகிற மனிதர் அதில் இறங்கினால் மீன் இவரைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது எங்கள் பள்ளிவாசல் குளம். படித்துறை எல்லாம் நன்றாக இருக்கிறது. மீனை மட்டும் போன மாதம்தான் ஏலம் விட்டார்களாம். ஜமாஅத்தில் கேட்டால், ஏலம் எடுத்தவர் சண்டைக்கு வருவார் என்றார்கள். சொந்த ஜமாஅத்திலேயே இந்தக் கதி!

பிறகு என்னோடு படித்தவளின் வயலில் இருக்கும் பண்ணைக்குட்டை. அவள் போனில் தாராளமாகப் போகச் சொன்னாள். போய் இறங்கினால் அவளுடைய சித்தப்பா வந்து, குட்டை பாகப்பிரிவினை வழக்கில் இருக்கிறது, யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.

நாங்கள் எங்கே கை வைத்தோம்? வைக்க முடிந்தால் நான் ஏன் அலைகிறேன்?

கடைசியாகப் பஞ்சாயத்துக் குளம். கரை சமதளம், வேப்பமர நிழல். இடம் என்றால் இதுதான் இடம். முன்ஜாக்கிரதையாகப் பஞ்சாயத்து கிளார்க்குக்கு போன் போட்டேன்.

"கரை பஞ்சாயத்துதும்மா, தாராளமா உக்காருங்க. மீனு குத்தகைக்காரருது. தூண்டில மட்டும் தண்ணியில போட்டுடாதீங்க" என்றார்.

தூண்டிலை வேறு எங்கே போடுவது, வேப்பமரத்திலா?

காரில் வந்து உட்கார்ந்து அழுதேன், உண்மையாகவே. அத்தா பின் சீட்டிலிருந்து "வீட்டுக்குப் போவோம்" என்பதுபோல் இடது கையை ஆட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. குத்தகைக்காரர் வராமல் இங்கிருந்து நகர்வதில்லை.

ஒன்பதரைக்கு அவர் வந்தார். பெயர் முருகையன். மொபெட்டின் முன்னால் தவிட்டு மூட்டை. மீனுக்குத் தீனி போட வந்தவரிடம் அத்தாவின் கையைப் பற்றி, பிசியோவைப் பற்றி, ஆற்றுச் சிமெண்டைப் பற்றி எல்லாம் ஒப்பித்தேன்.

"பாவமாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஊரே தூண்டிலோட வந்து நிக்கும்" என்றார். தப்பு சொல்ல முடியாது. அவர் முதல் போட்டவர்.

அப்போதுதான் அத்தா இடது கையால் சட்டைப்பையைத் துழாவி, பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து கார் ஜன்னல் வழியாக நீட்டினார்.

துபாயில் தூண்டில் போட அவருக்குக் கொடுத்த லைசென்ஸ்! தலைமுடி கறுப்பாக இருக்கும் போட்டோ, அரபி எழுத்து. காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முருகையன் சிரிக்கவில்லை. கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

முருகையன் அட்டையை அத்தாவின் இடது கையில் திருப்பி வைத்தார்.

"யாரோ ஒரு நாட்டுக்காரன் பாய்க்கு எழுதிக் குடுத்துருக்கான். நம்ம ஊருல நான் இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

ஆனால் வியாபாரி வியாபாரிதான், உடனே கண்டிஷனும் வந்தது. ஜிலேபிக் கெண்டை எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், அது தானாக வந்து பெருகி மற்ற மீனின் தீனியைத் தின்கிற சனியன். அவர் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா மாட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

அத்தாவை வேப்பமர நிழலில் உட்கார வைத்துத் தூண்டிலைப் போட்டோம். பத்தே நிமிடம். தூண்டில் வளைந்தது. உதவிக்குப் போன என்னை அத்தா தோளால் தள்ளிவிட்டார். இடது கையில் கம்பு, வலது உள்ளங்கையால் ரீலைத் தள்ளித் தள்ளிச் சுற்றினார். வியர்த்துக் கொட்டியது. மீன் கரையேறியதும், பழக்க தோஷம், வலது கையாலேயே பிடித்துவிட்டார்.

கட்லா. வேறென்ன!

"பாய், விட்டுடுங்க, செத்துப்போயிடும்" என்று முருகையன் பதறினார்.

அத்தா விடவில்லை. விட முடியவில்லை. மூன்று மாதமாக மடங்காத ஐந்து விரல்களும் அந்த மீனைச் சுற்றி இறுகிவிட்டன, திறக்கத் தெரியவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து கைகால் ஓடவில்லை. முருகையன்தான் சேற்றில் மண்டியிட்டு, அத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மீன் துள்ளித் தண்ணீருக்குள் போனது.

அத்தா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகையனும் அதைத்தான் பார்த்தார்.

பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க பாய். தீனி போட்ட பொறவு வந்தா மீனு இரை எடுக்காது."