முன்னதாகவே திரண்ட புரதம்

அவளுடைய வரைபடம் வழுவழுவென்று வந்தது. என்னுடையது கோழி கிளறிய குப்பை. மூன்று வாரமாக இதே கதை, மூன்று வாரமாக எனக்கு வயிற்றெரிச்சல்.

கோத்தகிரி போகும் வழியில், ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் பிறந்தவள், வேலையில் அவளுக்கு மூன்று வருடம் மூத்தவள். அவள் கோயமுத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதற்குமேல் சால்வை என்று மூட்டையாக வருவாள். அந்த மூட்டைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வெளியே வந்து, என்னால் முடியாததைச் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போகும்.

மருந்தில் இருக்கும் புரதம், சூடு ஏற ஏற ஒரு கட்டத்தில் முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரண்டுவிடும். எந்தச் சூட்டில் திரளத் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கென்று புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. கண்ணாடிக் குப்பியில் கரைசலை ஊற்றி உள்ளே வைத்தால் லேசர் ஒளியைப் பாய்ச்சும். சின்னத் துகள் வேகமாக ஆடும், பெரியது மெதுவாக ஆடும். சிதறி வரும் ஒளி மினுங்குவதை வைத்துக் கருவி துகளின் அளவைச் சொல்லிவிடும். எங்கள் புரதம் தனித்தனியாக இருக்கும்போது பத்து நானோமீட்டர். டிகிரி டிகிரியாகச் சூடேற்றினால் அவளுக்கு நெடுநேரம் பத்திலேயே நின்று, பிறகு ஒரே ஏற்றமாக ஏறும். எனக்கோ சூடேற்றுவதற்கு முன்பே நூறு, இருநூறு என்று காட்டும்.

எங்களில் ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு பெங்களூர் அனுப்பி, கருவிக்குப் பொறுப்பாக்கப் போவதாக எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். அது எனக்குத்தான் என்று நான் வீட்டில் சொல்லியே விட்டேன்.

அவள் ஏதோ ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். பக்கத்திலேயே நின்று கவனித்தும் ஒரு குற்றமும் அகப்படவில்லை.

அறைக்கு ஒரே ஒரு ஹீட்டர், கம்பி சிவக்கும் பழைய ரகம். மேசைக்கடியில் நடுவில் வைப்பது வழக்கம். மலையில் வளர்ந்த எனக்கு அது தேவையே இல்லை. ஆனால் அவள் சுகமாகக் கால் நீட்டுவதைப் பார்க்கப் பொறுக்காது. தினமும் அவள் வருவதற்கு முன்பே அதை என் பக்கம் இழுத்துத் திருப்பி வைத்துவிடுவேன். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். விரல்களை ஊதிக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை உடனே கருவியில் வைக்க முடியாது. எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் குளிர்ந்த கண்ணாடி வேர்த்துப்போய் ஒளி கண்டபடி சிதறும். அதனால் அரைமணி நேரமாவது வெளியே வைத்திருப்போம். அவள் தன் குப்பிகளை மேசைமேல் வைப்பாள். நான் என்னுடையதை யாரும் தட்டிவிடாதபடி மேசைக்கடியில் என் பக்கத்துக் கீழ்த்தட்டில் வைப்பேன். யாரும் என்றால் அவள்தான்.

ஒருநாள் பேனா மூடி உருண்டு விழ, அதை எடுக்கக் குனிந்தவள் என் குப்பி ஒன்றோடு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, இதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது. மூன்று வாரமாக என் புரதத்தை நானே அவித்து, அவித்ததை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அவள் ஹீட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"குப்பிய மட்டும் மேல வெச்சுக்குங்க, செரியாப் போயிரும்" என்றாள். ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பேன்.

மறுநாள் என் வரைபடமும் வழுவழுவென்று வந்தது. தலைவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முன்னால என்னம்மா தப்பு?"

"குப்பி வெச்ச எடத்துல சூடு பட்டிருக்குதுங்க சார். மாத்தி வெச்சேன்."

"நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

அவள் ஒரு கை தூரத்தில் நின்று குப்பிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க சார்."

அவள் நிமிரவே இல்லை. தன் தப்பைத் தானே தேடிப் பிடிக்கிற ஆள்தான் கருவிக்கு வேண்டும் என்று தலைவர் சொன்னார். பயிற்சி எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளாக ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். சொன்ன பொய்யைச் சமாளிக்க ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். "பெங்களூர் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காதுங்க்கா, ஊட்ல இருந்து ஊறுகா கொண்டு போயிருங்க" என்றாள். குத்தலாகச் சொல்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, என் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறாள். அவள் போக வேண்டிய இடத்துக்கு நான் போய்விட்டேன், இருந்தும் அவளைப்போல ஒருநாளும் இருக்க முடியாதே என்று அவள்மேல்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.